இருபத்தெட்டு புள்ளி எட்டு

நெம்மேலி குப்பம்,
24.8.2003, ஞாயிறு காலை.

அன்புள்ள சஹானாவுக்கு,

அம்சா எழுதுகிறேன். இதைக் கொண்டுவரும் சந்திரம்மா அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். உன் புது வீட்டு டெலிபோன் நம்பர் என்னிடம் இல்லை. பொங்கலுக்கு நீ அனுப்பிய அட்டையில் இருந்த விலாசம்தான் இருக்கிறது. படித்தவுடன் உன் அப்பாவைக் கூப்பிடு. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

அப்பாவும் சித்தப்பாவும் வியாழக்கிழமை விடியற்காலை கடலுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. அன்று மத்தியானம் அவர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்ததைத் தேவசகாயம் மாமா தன் படகிலிருந்து பார்த்திருக்கிறார். அவர் கரைக்கு வந்த பிறகு, படகை நடுக்கடலுக்குத் தள்ளும் மேல்காற்று பிடித்துவிட்டது. இன்ஜின் நின்று போயிருக்கும் என்கிறார்கள். நம் ஊர்ப் படகுகள் இரண்டு நாள் தேடி, டீசல் தீர்ந்து திரும்பிவிட்டன. குடிக்க அப்பா கொண்டுபோன தண்ணீர் பத்து லிட்டர் கேன் ஒன்று. இரண்டு பேர், இந்த வெயில். அந்தக் கணக்கை நான் போட்டுவிட்டேன். விடையை உனக்கு எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமை, தேடச் சொல்லி மீன்வளத்துறை ஆபீஸுக்கு மனு எழுத வேண்டியிருந்தது. குப்பத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறவள் நான் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கட்டம் இருந்தது. தேவசகாயம் மாமாவைக் கேட்டேன். "ஒரு பதினெட்டு மைலு இருக்கும்மா" என்றார். நான் ஒன்று புள்ளி ஆறால் பெருக்கி 28.8 என்று எழுதினேன். வாங்கிய எழுத்தர், புள்ளி வைத்துத் துல்லியமாக எழுதியிருக்கிறேன் என்று பாராட்டினார். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது, சஹானா. அதை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் மாமா, அவர்கள் இருந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று தன் ஜி.பி.எஸ். பெட்டியைத் திறந்தார். பதினெட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக என்.எம். என்று இரண்டு எழுத்து இருந்தது. அது கடல் மைல். கடலுக்குப் போகிறவர்கள் மைல் என்றால் அதைத்தான் சொல்கிறார்கள்; வேறு மைல் இருப்பதையே அவர்கள் நினைப்பதில்லை. நான் பஸ் ரோட்டு மைலைப் போட்டுவிட்டேன். கலங்கரை விளக்கத்துப் படியில் உட்கார்ந்து உன் அப்பா இந்த வித்தியாசத்தை நமக்குச் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? நீ நோட்டில் எழுதிக்கொண்டாய். பாடப்புத்தகத்தில் இல்லை என்று நான் எழுதவில்லை.

ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர். சரியான தூரம் 33.3 கிலோமீட்டர். நாலரை கிலோமீட்டர் குறைத்து எழுதியிருக்கிறேன். எங்கள் படகு எட்டு மீட்டர்கூட நீளமில்லை. கடலோரக் காவல் படை விமானம் மனுவில் உள்ள இடத்திலிருந்துதான் காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டுத் தேடுகிறதாம். தொடங்கும் இடமே தப்பு என்றால் அவர்கள் தேடுவது வேறு கடல். நேற்று முழுக்க அப்படித்தான் தேடியிருக்கிறார்கள். இன்று விமானம் வராதாம்; நாளை காலை கடைசியாக ஒரு முறை வரும், அதோடு நிறுத்திவிடுவார்கள் என்று சொன்னார்கள்.

உடனே ஓடினேன். எழுத்தர் கரையில்தான் இருந்தார், ஜீப்பில் ஏறப் போனார். "நாலு கிலோமீட்டரு கடலுல ஒரு தூரமாம்மா? தாளு மெட்ராஸ் போய்ச்சு, கொயப்பாதே" என்றார். மனுவை மாற்ற வேண்டுமென்றால் திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீஸுக்கு வரச் சொன்னார். விமானம் ஏழு மணிக்குக் கிளம்பிவிடும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு கணக்குப் போட்டு எய்திக் குத்துகீது, எங்க கீறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துத்தான் நேற்று ஒரு டம்ளர் டீ குடித்தது. நான் எப்படிச் சொல்வேன்?

உன் அப்பா கலங்கரை விளக்கத்தில் பதினோரு வருஷம் இருந்தவர். இப்போது துறைமுகத்தில் வேலை. அவர் சொன்னால் கேட்பார்கள். இதை மட்டும் சொல்லச் சொல்: கன்னியப்பன் படகு, வியாழக்கிழமை மத்தியானம், நெம்மேலிக்கு நேர் கிழக்கே பதினெட்டுக் கடல் மைல். கிலோமீட்டரில் முப்பத்து மூன்று, சுமாராக. ஆய்வகத்தில் நீ சுமாராக என்று எழுதும்போதெல்லாம் நான் அடித்துவிடுவேனே, இதை அடிக்காமல் சொல்லச் சொல். மாமாவும் "ஒரு", "இருக்கும்" என்றுதான் சொன்னார். நான்தான் அவற்றை விட்டுவிட்டேன். ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் பார்க்க வேண்டாம், அகலமாகப் பார்க்கச் சொல்.

யார் தப்பு என்று கேட்டால் என் பெயரைச் சொல்லலாம். பள்ளிக்கூடத்துக்கும் எழுதட்டும்.

சந்திரம்மா அக்கா பஸ்ஸுக்கு நிற்கிறார். அப்பா வந்தால் நான் முதலில் அவரிடம் சொல்ல வேண்டியது இதுதான். திட்டட்டும், அடிக்கட்டும். அதற்காவது அவர் வர வேண்டும், சஹானா.

உன் அப்பா நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
க. அம்சா