வண்டி விற்பனைக்கு இல்லை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் அவள் மகள் வாண்டுவும் நன்றாகவே இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நலம் விசாரித்தாகிவிட்டது, இனி சண்டைக்கு வருகிறேன். போனில் என்றால் "அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு" என்று நடுநடுவே புகுந்துவிடுவாய், கடிதத்தில் அது நடக்காது, அதனால் உட்கார்ந்து முழுக்கப் படி.

போன வாரம் ஒரு நாள் காலையில் அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன், பாதி முகத்தில் சோப்பு நுரை, அப்போது யாரோ போன் செய்து "வண்டியை இன்னிக்கே வந்து பார்க்கலாமாம்மா?" என்று கேட்டார். எந்த வண்டி என்றேன். விளம்பரத்தை அப்படியே வாசித்துக் காட்டினார், வயதான பெற்றோர், பயன்பாடு இல்லை, உடனடி விற்பனை என்று. நீ சொல்ல, உன் சித்தப்பா வாசலில் நின்று போட்டோ பிடித்துப் போட்டிருக்கிறார், நானோ அன்றைக்கு அவருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பயன்பாடு இல்லை என்று எழுதினாயே, வண்டியையா எங்களையா? உன் தங்கை அவரைக் கூப்பிட்டுப் பேசிய பேச்சில் சாயங்காலத்துக்குள் விளம்பரம் போய்விட்டது, அவரும் நாலு நாளாக இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. இருந்தாலும் உன்னிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன், வண்டியை விற்க மாட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி.

எதற்காக வாங்கினேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, ஏன் வாங்கினாய் என்று அதட்டத்தான் செய்தாய், இரண்டும் ஒன்றில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு அந்தக் கட்டிலும் ஜன்னலும் டேப்லெட்டும்தான் உலகம். ஆபீசில் அத்தனை பேரை மிரட்டி வேலை வாங்கிய மனுஷன், இப்போது "ம்", "வேணாம்" இரண்டே வார்த்தையில் நாளை ஓட்டுகிறார். டேப்லெட்டில் என்ன பார்க்கிறார் என்று நினைக்கிறாய்? சேற்றில் மாட்டிய வண்டியை இழுப்பது, ஆற்றைக் கடப்பது, காட்டில் கூடாரம் போட்டுச் சமைப்பது, நாள் முழுக்க இதேதான். நாங்கள்கூட என்னத்துக்கு இந்தக் கண்றாவி என்று கேலி செய்தோம். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்து இழுத்துத் திரையைக் காட்டினார், யாரோ ஒரு குடும்பம் ஏரிக்கரையில் டீ போட்டுக்கொண்டிருந்தது. என்னங்க, போகணுமா என்றேன். "ம்" என்றார். அந்த "ம்" வேறு மாதிரி இருந்தது, பெரியவனே, கூட வாழ்ந்தவளுக்குத் தெரியும். அடுத்த மாதமே பழைய வண்டி சந்தைக்குப் போய் நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டியாகப் பார்த்து வாங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லோரும் எனக்கு வகுப்பெடுத்தார்கள். வண்டியை மாற்றியமைக்கிற கடை ஒன்றுக்குச் சித்தப்பா கூட்டிப்போனார், அங்கே ஒரு தம்பி, டையெல்லாம் கட்டிக்கொண்டு, வண்டியை முதலில் உயரமாகத் தூக்க வேண்டும், கூரையில் மடக்குக் கூடாரம் வைக்க வேண்டும், முன்னால் இரும்புக் கம்பி, அதற்கு மேல் வரிசையாக விளக்கு, கயிறு இழுக்கும் மோட்டார் என்று மூச்சு விடாமல் அடுக்கினார். சித்தப்பாவோ "அண்ணி, செஞ்சா முழுசா செய்யணும், பார்க்கிறவன் அசரணும்" என்கிறார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், வண்டியை இன்னும் உயர்த்தினால் ஒரு கால் இழுக்கிற மனுஷன் எப்படி ஏறுவார், ஏணி வைத்த கூரைக் கூடாரத்தில் அவரை யார் தூக்கிப் படுக்க வைப்பது? கடைத் தம்பி சித்தப்பாவைப் பார்த்தார், சித்தப்பா விளக்குகளைப் பார்த்தார். பார்க்கிறவர்கள் அசருவதற்காக நான் காட்டுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பிறகு நம் தெருக்கோடி மெக்கானிக்கிடம் போனோம். அவர் முதலில் இருப்பதைச் சரி பண்ணிக்கலாம் என்று பிரேக்கையும் வெடித்துப்போன ரப்பர் குழாய்களையும் மாற்றினார். பிறகு நானும் உன் தங்கையும் உட்கார்ந்து, அப்பாவுக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தோம். ராத்திரி அவருக்கு மூச்சு மெஷின் இல்லாமல் முடியாது, அதனால் அதற்கென்று பின்னால் தனியாக இரண்டாவது பேட்டரி, அது தீர்ந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும்படி இணைப்பு. ஏறுவதற்கு ஒரு படி, நிரந்தரமாகத் தொங்கினால் பாறையில் இடிக்கும் என்று மெக்கானிக் சொன்னதால் மடக்கி உள்ளே தள்ளுகிற மாதிரி. கதவோரம் அவருடைய இடது கை எட்டும் இடத்தில் ஒரு கைப்பிடி. அப்புறம் மண்ணிலும் கல்லிலும் பிடிக்கும் நல்ல டயர், எஞ்சினுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு, இழுக்க நேர்ந்தால் மாட்ட முன்னும் பின்னும் கொக்கி, காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், ஒரு மண்வெட்டி. தரையில் போடும் பெரிய கூடாரம், கட்டில் உள்ளே போகும் அகலத்துக்கு. அவ்வளவுதான். ஒரு விளக்குகூட வைக்கவில்லை, இருட்டுவதற்குள் போய்ச் சேருவதாகத்தான் முடிவு.

டாக்டரைக் கேட்டாயா என்பாய். கேட்டேன். மெஷின் ஓடினால் போகலாம், பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஓய்வு பெறும் வரை ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் நான், எனக்கு ரத்தக் கொதிப்பு பார்க்கத் தெரியாதா?

அணைக்கு மேலே ஆற்றங்கரையில் கூடாரம் போடுகிற மைதானம் ஒன்று இருக்கிறது, அங்கே போனோம். நான்தான் ஓட்டினேன், அப்பா பக்கத்தில், பின்னால் உன் தங்கையும் வாண்டுவும். கல் ரோடு வரைக்கும் ராணி மாதிரி போனேன். மைதானத்துக்கு முன்னால் ஆற்று மணலைக் கடக்க வேண்டும், தண்ணீர் கணுக்கால் அளவுதான், அதைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். நடுவில் போனதும் சக்கரம் சுழன்றது, நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி பெட்டைக்கோழி அடைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. உன் தங்கை "அண்ணன் சொன்னது சரியாப்போச்சேம்மா" என்று அழாத குறையாகச் சொல்கிறாள். அப்போது அப்பா இடது கையால் முன்பலகையில் ஓங்கி அடித்தார். "காத்து" என்றார். மூச்சு முட்டுகிறது என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன், நாடி பிடித்தேன், மெஷினை எடுடி என்று கத்தினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். முகமெல்லாம் சிவந்து, வாய் கோணி, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளி, "காத்தை இறக்குடி. டயர்ல" என்றார்.

டயரில்! அத்தனை மாதம் கழித்து அந்த வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம், அதுவும் பழைய அதட்டலோடு. நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. காற்று குறைந்தால் டயர் பரந்து மணலில் புதையாதாம், இறங்கி நாலு டயரிலும் காற்றைக் குறைத்தோம், உன் தங்கை மண்வெட்டியால் தோண்டினாள், வாண்டு சாப்பாட்டுத் தட்டால் மணலை அள்ளி எறிந்தாள், அப்பா உள்ளே இருந்தபடி போதாது, இன்னும் என்று கையாலேயே மேஸ்திரி வேலை பார்த்தார். மெதுவாக மிதித்தேன், வண்டி ஒருமுறை முனகிவிட்டு ஏறி வந்துவிட்டது. கரையில் நிறுத்தி, உங்களுக்கு எப்படிங்க தெரியும் என்றேன். டேப்லெட்டைக் காட்டினார், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் டீயும் ரொட்டியும் முட்டையும்தான். ஆற்றைப் பார்த்தபடி நாற்காலியில் அவரை உட்கார வைத்தோம். மெஷின் விடியும் வரை நிற்காமல் ஓடியது, காலையில் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதிசயம் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்கு வந்ததும் மறுபடி "ம்" தான், நடை அதே நடைதான். ஆனால் இப்போது பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண்ணிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

நடுக்காட்டில் ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டாயே. அவருக்கு அது வந்தது எங்கே? நம் வீட்டுக் கூடத்தில், வழவழ டைல்ஸ் தரையில், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி. வீட்டுக்குள் பூட்டி வைத்தால் ஒன்றும் ஆகாது என்று இனி எவரும் எனக்குச் சொல்ல வேண்டாம். உன் பயம் எனக்குப் புரிகிறது, தூரத்தில் இருப்பவனுக்குக் கவலைப்படுவதைத் தவிர வேறு வேலை கொடுக்க முடியாது. கவலைப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்காக முடிவெடுக்காதே. நாங்கள் இன்னும் இருக்கிறோம்.

மழைக்கு முன்னால் இன்னொரு தடவை போகிறோம், மேலே ஏரி வரைக்கும். லீவு போட்டு வந்தால் பின் சீட்டில் இடம் இருக்கிறது, வாண்டுவோடு சண்டை போட்டு ஜன்னல் பக்கம் வாங்கிக்கொள். உன் அறையில் இப்போது கூடாரமும் அடுப்பும் கிடக்கின்றன, முணுமுணுக்காமல் ஓரமாகப் படுத்துக்கொள்ள வேண்டும். சித்தப்பாவுக்கு நீயே போன் செய்து வரச் சொல், எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது, இதை மட்டும் அவரிடம் சொல்லாதே. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, கழுத்து வலிக்குத் தலையணையை மாற்று. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
சொன்னால் கேட்காத உன் அம்மா

பி.கு.: உங்க மகனுக்கு ஆசீர்வாதம்னு எழுதுங்க என்று சொல்லி அப்பாவின் இடது கையில் பேனாவைக் கொடுத்தேன். வெகுநேரம் எழுதினார். கீழே கோணல்மாணலாக இருப்பது அவர் எழுதியது, எழுத்து புரியாவிட்டால் நான் சொல்கிறேன்: "வண்டி என்னுது."