பதினேழாம் தேதி யாரும் திறக்கவில்லை

ஜூன் 9, திங்கள்

இன்று கிளினிக்கில் அறுபது பேருக்கு மேல். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

டாக்டர் பிரகதாம்பாள் உள்ளேயிருந்து பெயரைச் சொல்வார். நான் வெளி மேசையில் கம்ப்யூட்டரைப் பார்த்து, வந்தவருக்கு முன்பு என்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று குரல் கொடுப்பேன். இந்த சாஃப்ட்வேருக்கு மாறலாம் என்று ஜனவரியில் விடாப்பிடியாகக் கேட்டது நான்தான். பழைய சீட்டுகளை இரண்டு மாதம் உட்கார்ந்து ஏற்றினேன். பிறகு எல்லாம் எடைக்குப் போனது.

"இன்னும் ஒரு வருஷம் கெடக்கட்டுமே, ஞானசெல்வி" என்று அப்போது டாக்டர் சொல்லிப் பார்த்தார்.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குங்க டாக்டர்" என்றேன்.

அந்த சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து இன்றும் ஒரு மெயில். என் சொந்த முகவரிக்கு. ஏதாவது விளம்பரமாக இருக்கும். திறக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அழகம்மாளை 108-இல் ஏற்றி புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூன் 18, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

நேற்றுக் காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் வெள்ளைத் திரை. "உங்கள் சந்தாக் காலம் முடிந்தது" என்று ஒரே ஒரு வரி. எந்தப் பெயரும் வரவில்லை. வெளியே கூட்டம். டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. நான்தானே மாற்றச் சொன்னவள்? மத்தியானத்துக்குள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் ஆளுக்கு, "பழசு ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றேன். அடுத்த ஆளுக்கும் அதையே. மூன்றாவது ஆளுக்கு அது தானாகவே வாயில் வந்தது.

ஒன்பதாவது ஆள் அழகம்மாள். ஹைவே ஓட்டலில் புரோட்டா மாவு பிசைகிறவர். இடுப்பு வலி. "இவங்களுக்கு எதுவும் ஒத்துக்காம இருந்திருக்கா, பாரு" என்றார் டாக்டர்.

"இல்லீங்க டாக்டர்."

வலிக்கு டைக்ளோ ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் முகம் வீங்கிவிட்டது. மூச்சு இழுத்தது. டாக்டர் ஓடிப்போய் மாற்று ஊசி போட்டார். அவர் கை அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. அழகம்மாள் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன், நன்றாக இருக்கிறாராம்.

ஆனால் நான்?

ஜூன் 19, வியாழன்

கம்பெனிக்கு போன் செய்தேன். நிலவழகன் என்று ஒரு தம்பி பேசினார், பொறுமையாகத்தான்.

"காசு குடுத்து வாங்குன சாஃப்ட்வேர எப்படிங்க பூட்டலாம்?" என்று கத்தினேன்.

"நீங்க வாங்கல மேடம். வாடகைக்கு எடுத்திருக்கீங்க. புரோகிராமும் எங்க சர்வர்லதான் ஓடுது, நீங்க ஏத்துனதும் அங்கதான் இருக்கு. உங்க கம்ப்யூட்டர் வழியா வந்து பாக்குறீங்க, அவ்ளோதான். சர்வர், பேக்கப், அப்டேட் எல்லாம் எங்க பொறுப்பு. காலம் முடியுறதுக்குள்ள புதுப்பிக்கிறது மட்டும் உங்க பொறுப்பு. மூணு மெயில் அனுப்பிருக்கோமே?"

மூன்றும் இருந்தன. மூன்றையும் நான் திறக்கவில்லை.

எங்கள் மேசையில் இருக்கும் பெட்டிக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது என்று ஐந்து மாதமாக நம்பியிருக்கிறேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. தெரிந்தவள் போலவே டாக்டருக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன்.

சந்தாவைப் புதுப்பித்ததும் எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. முதலில் அழகம்மாள் பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு எழுத்தில்: "டைக்ளோ ஊசி ஆகாது. முகம் வீங்கியது, மூச்சுத்திணறல்." ஏற்றியவர் — ஞானசெல்வி. நானேதான்.

கீழே இன்னொரு பட்டியல். எந்தப் பக்கத்தை யார், எப்போது திறந்தார்கள் என்று அதுவே குறித்துவைக்கிறது. பதினேழாம் தேதி யாரும் திறக்கவில்லை.

டாக்டருக்கு இப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது.

ஜூன் 22, ஞாயிறு

ஆவூர்க் கோவிலில் பூசை. பாவத்தை அறிக்கையிட, பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். பாதியில் விலகி வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்லி என்ன செய்ய? சொல்ல வேண்டியது அவரிடம் இல்லையே.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டர் ஊசி போடுவதையே நிறுத்திவிட்டார். "ஆடியோட கிளினிக்க மூடிரலாம்னு இருக்கேன். அந்தம்மாவுக்கு முன்னாடியும் இதே ஊசியால இப்படி ஆச்சாமே, நான்தான் எழுதாம விட்டுருக்கேன். நெனப்புல இல்ல பாரு. வயசாயிருச்சு" என்றார்.

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பட்டியலையும் திறந்து காட்டினேன்.

டாக்டர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு, "நீ பொய் சொன்னதக்கூட விடு. பத்து நாளா நான் என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு கெடந்தேன். அத பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்க" என்றார்.

அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு. அப்புறம் வேலைக்கு வா."

ஜூன் 28, சனி

ஓட்டலுக்குப் போனேன். அழகம்மாள் மாவிலிருந்து கையை எடுக்காமல் முழுவதையும் கேட்டார்.

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"ஆமாங்க."

"எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக. மூத்தது பன்னெண்டாவது படிக்குது."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி மாவைப் பிசைய ஆரம்பித்தார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 5, சனி

எல்லாப் பதிவையும் இறக்கி எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்தேன். இனி வாராவாரம். கணக்கை டாக்டர் பெயருக்கும் முகவரிக்கும் மாற்றியாயிற்று.

ஜூலை 14, திங்கள்

டாக்டர் மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறார். கூட்டம் மெதுவாகத்தான் நகர்கிறது. ஆடியில் மூடும் பேச்சு இப்போது இல்லை.

பதினொரு மணிக்கு அழகம்மாள் வந்தார். டோக்கன் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேரே உள்ளே போனார். "எனக்கு டைக்ளோ ஊசி ஆகாதுங்க டாக்டர்" என்று அவரே சொல்வது கேட்டது. டாக்டர் அவருடைய பதிவைத் திறந்து, திரையை அழகம்மாள் பக்கம் திருப்பினார். இருவரும் சேர்ந்து வாசித்தார்கள்.

என்னை யாரும் கேட்கவில்லை. அடுத்த டோக்கனை எடுத்தேன்.