பவா எழுதிய பயிற்சிக் கடிதம்

மேலூர் வட்டம்,
19.11.2025, புதன்கிழமை.

அன்பு மகள் பாண்டிமீனாவுக்கு அப்பா சங்கிலி எழுதுவது. நான், உன் அம்மா, உன் தங்கை பவதாரிணி மூன்று பேரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மனசும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். குர்கானில் குளிர் தொடங்கிவிட்டதாக அம்மா சொன்னாள், ஆஸ்பத்திரிக்கு நைட் டூட்டி போகும்போது காதை மூடிக்கொண்டு போ தாயி. அன்றாடம் போனில் பேசுகிறவன் இதென்ன புதுசாகக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் பேசும்போதெல்லாம் பவா பக்கத்திலேயே நிற்கிறாள், அதுவுமில்லாமல் பத்து நாளாக எனக்கு எதையும் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. பேனாவைப் பிடித்தால்தான் கொஞ்சம் நிதானம் வருகிறது.

காலாண்டுத் தேர்வில் பவா தமிழில் முப்பத்தெட்டு வாங்கியது உனக்குத் தெரியும். மற்ற பாடமெல்லாம் எழுபது, எண்பது. தமிழ் டீச்சர் பிரசவ லீவில் போய்விட்டார், ஏழாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்த ஆள் இல்லை. ப்ளஸ் டூவில் தமிழில் பள்ளிக்கூடத்துக்கே முதலாக வந்தவன் பெற்ற பிள்ளைக்கு இந்தக் கதியா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது, சரஸ்வதி பூஜைக்கு மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். குவாரியிலிருந்து ஆறு மணிக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் ஏழரை வரை பாடம். குற்றியலுகரத்துக்குப் பாக்கு, பஞ்சு, மாடு, வயிறு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். “கடைசி உ பாதிதான் ஒலிக்கும்னா அத முழுசா எழுதுறது எதுக்குப்பா” என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை, கேள்வி கேட்காமல் மனப்பாடம் பண்ணு என்று அதட்டினேன். “வாத்தியாரு மாட்டிக்கிட்டாரு” என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அந்தக் கொஞ்ச நாளும் வீடு நன்றாக இருந்தது மீனா.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடிதப் பகுதிக்கு வந்தோம். உங்கள் ஊரில் உள்ள ஒரு குறையை நீக்கக் கோரி மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதுக என்பது பயிற்சி. பிள்ளைகள் எல்லாம் தெருவிளக்கு எரியவில்லை, குடிதண்ணீர் வரவில்லை என்று எழுதுவார்கள். இவள் குவாரி வெடியைப் பற்றி எழுதிக்கொண்டு வந்து நின்றாள். அப்போதே நோட்டை மூடியிருக்க வேண்டும். ஆனால் கையில் பென்சில் வந்துவிட்டால் எனக்குக் கண்மண் தெரியாது, விட்டுப்போன ஒற்றெழுத்தையெல்லாம் போட்டுக்கொடுத்தேன். பொத்தாம்பொதுவாக எழுதினால் மார்க் விழாது, நாள், நேரம், தூரம் எல்லாம் வேண்டும் என்றேன். “அப்ப நீங்களே சொல்லுங்க” என்றாள், நானும் சொன்னேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வெடிக்குத்தான் அனுமதி, ஜூலை மாதத்திலிருந்து மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு இரண்டாவது வெடி வைக்கிறார்கள், அதற்குச் சங்கு ஊதுவதில்லை, பள்ளிக்கூடச் சுவரிலிருந்து பள்ளத்தின் விளிம்பு இருநூறு காலடி தூரத்துக்கு வந்துவிட்டது, அக்டோபர் ஏழாம் தேதி தேங்காய் பருமன் கல் ஒன்று சத்துணவுக் கூடத்துத் தகரத்தைப் பொத்துக்கொண்டு விழுந்தது, ஆள் தப்பியது சாமி புண்ணியம். வெடிக்கு முன்னால் சிவப்புக் கொடி கட்டிச் சங்கு ஊதுவதுதானே என் வேலை, எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். இரண்டாவது வெடிக்கு ஊத வேண்டாம் என்று மேலாளர் அழகுராஜா ஜூலையில் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார், நானும் சாதாரணமாகத் தலையாட்டினேன்.

பரீட்சையில் சொந்தப் பெயர் எழுதக் கூடாது, ஏதாவது ஒரு பெயரைப் போடு என்றதும் தமிழ்வாணி என்று போட்டாள். ஊரை மட்டும் நம் ஊராகவே எழுதினாள், பயிற்சியில்தான் உங்கள் ஊர் என்று இருக்கிறதே. உறைமேல் முகவரியைக் கட்டம் போட்டு எழுதுவதுதான் வழக்கம். நான் மேதாவித்தனமாக, நிஜக் கவரிலேயே எழுதிப் பழகினால் மறக்காது என்று அவளுடைய உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வாங்கி மீந்திருந்த கவரை எடுத்துக் கொடுத்தேன். அதில் தபால் தலை ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. முத்து முத்தாகத் தனித்தாளில் நகல் எடுத்துக் கவருக்குள் வைத்தாள். நோட்டில் பத்துக்கு ஒன்பது போட்டேன். மறுநாள் காலையில் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டாள். எனக்கு இது மூன்று வாரம் தெரியாது.

போன திங்களுக்கு முந்தின திங்கள், பத்தாம் தேதி, அழகுராஜா என்னை ஆபிசுக்குக் கூப்பிட்டார். மனு ஒன்று போயிருக்கிறது, விளக்கம் கேட்டுக் கம்பெனிக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, கூடவே மனுவின் நகலும் இருந்தது. “அண்ணே, நீங்க தமிழ் படிச்ச ஆளு, இது யாரு எழுத்துன்னு பாத்துச் சொல்லுங்க” என்று என் கையில் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். வெட்கக்கேடு மீனா, உன்னிடம் சொல்வதற்கென்ன, ஓர் இடத்திலும் ஒற்றுப் பிழை இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கப்புறம்தான் அது பவாவின் எழுத்து என்று புரிந்தது. தெரியவில்லை என்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “தெரியாம என்னண்ணே, பேரே போட்டிருக்குல்ல” என்றார்.

நம் ஊரில் நிஜமாகவே ஒரு தமிழ்வாணி இருப்பது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் உறைக்கவில்லை. குவாரியில் துளை போடுகிற முத்திருளன் பெண்சாதி. முத்திருளனை நாம் முத்து என்றே கூப்பிடுவோம், அந்தப் பிள்ளையை வாணி என்போம், முழுப்பேர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது. பி.ஏ. படித்தவள், போன வருஷம் கிராமசபையில் எழுந்து கிணற்றுத் தண்ணீர் வற்றிப்போனதைப் பற்றிக் கேள்வி கேட்டவள். அவர்களுக்கு அது போதாதா. அன்று சாயங்காலமே முத்திருளனை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாளாக அவன் வீட்டு வாசலில் ரெண்டு பைக்கில் ஆள்கள் வந்து சும்மா நிற்கிறார்கள். திட்டுவதில்லை, தொடுவதில்லை, நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய சின்னப் பிள்ளை வெளியே விளையாடவே வருவதில்லை.

போன சனிக்கிழமை அந்த வாணி நம் வீட்டுக்கு வந்தாள். பவா புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். “அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, உங்க பேச்சக் கேப்பாக. நான் எழுதலண்ணே. கருப்பு கோயில் படியில வேணாலும் வந்து சத்தியம் பண்ணுறேன்” என்று அழுதாள். பார்க்கிறேன்மா என்று மட்டும் சொன்னேன். அவள் போனதும் பவா எழுந்து உள்ளே போய்ப் பாயில் படுத்துக்கொண்டாள். நான் பின்னாலேயே போய், அந்தக் கடிதத்தை என்ன பண்ணினாய் என்று கேட்டேன். “தபால்தல ஒட்டின கவரக் குடுத்தா போடத்தானப்பா குடுப்பாக” என்றாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சாயங்காலம் புத்தகத்தோடு வந்து உட்காருகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், எழுந்து போகிறாள். உன் அம்மா தங்கப்பொண்ணிடம் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். எதற்கும் அசராதவள், அவளே சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “நம்ம எங்கயாச்சும் போயிருவோம், நீங்க வாயத் தொறந்துறாதீக” என்றாள். எங்கே போவது, வீடு கம்பெனி கொடுத்த இடத்தில் இருக்கிறது, எனக்கு ஐம்பத்தொரு வயசு. வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து விளக்கை அணைத்துவிடுகிறேன். சோறு உள்ளே போகிறதில்லை. பவா பள்ளிக்கூடம் விட்டு வர ஐந்து நிமிஷம் பிந்தினால் தெருமுனைக்கு ஓடுகிறேன். நான் தைரியசாலி இல்லை தாயி, நீ சின்ன வயசில் நினைத்த மாதிரி இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் அதிகாரிகள் வந்து விசாரிக்கப்போகிறார்கள். மனு எழுதியவர் நேரில் வர வேண்டுமாம். வராவிட்டால் பொய் மனு என்று முடித்துவிடுவார்கள் என்கிறார் அழகுராஜா, சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

இதுவரைக்கும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒன்றை மறைத்துவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். பவா முதலில் எழுதிய கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. “என் அப்பா அங்கே வேலை பார்க்கிறார். மதியம் என்னை மட்டும் வகுப்பை விட்டு வெளியே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை.” உண்மைதான் மீனா. ஜூலையிலேயே சொல்லிவைத்தேன். பன்னிரண்டரை மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாதே, ஒரு மணிக்கு மேல் போய் வாங்கிக்கொள் என்று. நாலரை மாதமாக என் பிள்ளை வகுப்புக்குள் பத்திரமாக இருந்தது, ஊர்ப் பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நின்றன, கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரியைப் பென்சிலால் அடித்தேன். அலுவலகக் கடிதத்தில் குடும்ப விஷயம் வரக் கூடாது என்று காரணம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், ரப்பரை எடுத்து அழித்துவிட்டாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததிலேயே அவள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை, மாலை.

நேற்றுக் கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு நான் கொடியைக் கட்டிச் சங்கை ஊதிவிட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், கை தானாக ஸ்விட்சுக்குப் போய்விட்டது. மூன்று நிமிஷம் ஊதியது. பிள்ளைகள் தட்டோடு வகுப்புக்குள் ஓடுவது மேலிருந்து எறும்பு மாதிரி தெரிந்தது. ஊரே வெளியே வந்து குவாரியைப் பார்த்தது. வெடி வைக்கவில்லை. அழகுராஜா நாலு தடவை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் முத்திருளன் வீட்டில் ஏறி, எழுதியது என் மகள், சொன்னது நான் என்று அவர்கள் இருவரிடமும் சொல்லிவிட்டேன். வாணி கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தட்டும், நியாயம்தான்.

நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். பவா தானும் என்னோடு வருவேன் என்கிறாள், வேண்டாம் என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். உன் அம்மா நான் வந்து சொன்னதிலிருந்து அழுதாள், இப்போது என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பவாவின் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பச்சைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எங்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் அவளை உன்னிடம் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்க வை. அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் இருக்காது, நீ டூட்டி இல்லாத நாளில் கொஞ்சம் சொல்லிக்கொடு, அளபெடையில் இன்னும் தடுமாறுகிறாள். அதட்டாமல் சொல்லிக்கொடு. கேள்வி கேட்டால் கேட்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைவலி மாத்திரையை அடிக்கடி போடாதே, மற்றவர்களுக்கு நர்ஸ் என்றாலும் உனக்கு நீ நர்ஸ் இல்லை. அழகர் துணையிருப்பார், நீ நோய் நொடியில்லாமல் பூவும் பொட்டுமாக நீடூழி வாழ வேண்டும். ஸ்பீடு போஸ்ட் மூன்று நாளாகும் என்றார்கள், இது உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை முடிந்திருக்கும். அதற்காகத்தான் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய் தாயி, நீ அழுதால் நான் போக மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ப. சங்கிலி.