மேஜைமேல் உங்கள் சாப்பாட்டுப் பை

அண்ணா,

நேற்று கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் தங்கினேன். வாசலில் பையை மெஷினுக்குள் வைக்கச் சொன்னார்கள். அதற்கு முன்பே நான் ஜிப்பை இழுத்துத் திறந்துவிட்டேன். அந்தச் சத்தத்தில், காந்திபுரத்து லாட்ஜில் மேனேஜராக உட்கார்ந்திருந்த உங்கள் நினைவு வந்தது.

பம்ப்செட் உதிரிபாகங்களுக்கு ஆர்டர் பிடிக்க மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வருவேன். என் பேரையும் ஊரையும் நீங்களே நோட்டில் எழுதிக்கொண்டு சாவியை நீட்டுவீர்கள். எட்டு வருடம் அப்படித்தான் போனது.

கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்த பிறகு, பையைப் பார்க்காமல் யாருக்கும் அறை கொடுக்கக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. வந்தவரிடம் அதைக் கேட்க உங்களுக்குக் கூச்சம். முதலில் உங்கள் சாப்பாட்டுப் பையை மேஜைமேல் கவிழ்ப்பீர்கள். தூக்குப்போசி, வெற்றிலைப் பொட்டலம், மூக்குக்கண்ணாடி.

"என்றதப் பாத்துட்டீங்கல்லங்க? இனி உங்குளுதக் காட்டுங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டே திறந்தார்கள். எனக்குத்தான் சுருக்கென்றது. "எட்டு வருசமா வர்றேன், என்னையுமா சந்தேகப்படுறீங்க?" என்று சத்தம் போட்டேன். பையில் இருந்தது அழுக்குத் துணியும் நாலு பேரிங்கும்.

"வேண்டாமுங்க, நீங்க மேல போங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டீர்கள். எனக்குப் பின்னால் நின்றவர் விடுவாரா? "அவருக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதுக்குங்க?" என்றார். அவரையும் அப்படியே விட்டீர்கள்.

சற்று நேரத்தில் போலீஸ் வந்தது. "ரெண்டு பேர்த்துப் பையப் பாக்கலீங்க" என்று நீங்களே உண்மையைச் சொன்னீர்கள். உங்களை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். நான் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இறங்கி வந்து, தப்பு என்மேல் என்று சொல்லியிருக்கலாம். பயம், சொல்லவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தீர்கள். சட்டை கசங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏனுங்க, போலீஸ் வந்து உங்குளுக்குச் சங்கடமாப் போச்சுங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை என்று தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

வெட்கத்தில் அடுத்த மாதம் வேறு லாட்ஜுக்குப் போனேன். அங்கே யாரும் பையைக் கேட்கவில்லை. பக்கத்து அறைக்காரர் பையில் என்ன இருக்குமோ என்ற யோசனையிலேயே இரண்டு நாள் கழிந்தது.

உங்கள் லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. நீங்கள் காலமானதை அங்கேதான் சொன்னார்கள்.

நேற்று வாசலில் நின்ற செக்யூரிட்டி அம்மா, "தொறக்க வேண்டாமுங்க சார், மெஷினே பாத்துக்கும்" என்றார். ஆனாலும் அவர் முன்னால் பையை விரித்துக் காட்டினேன். இத்தனை வருடமாக எந்த ஊர் வாசலிலும், கேட்பதற்கு முன்பே திறந்துவிடுகிறேன். உங்களிடம் மட்டும்தான் அண்ணா, கேட்டும் திறக்கவில்லை.