புது மாடல் தார்

மார்ச் 22, சனி

காலை எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். தாம்பரம் பஸ், ஜன்னல் சீட். என் வீட்டுக்காரர் கு. நைட் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். வாலாஜாபாத் தாண்டும் முன்பே என் தோளில் சாய்ந்து குறட்டை. பக்கத்து சீட்டு அம்மா சிரித்தார். சிரிக்கட்டும்.

பிசியோ மேடம் இன்றுதான் அந்த செட்டைக் கையில் கொடுத்தார். டைலேட்டர் என்று பெயர், உள்ளே வைத்துத் தசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க. சுண்டுவிரல் அளவில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிது. வெள்ளை, மழமழ. மேடம் சொன்னது: "வலிச்சா நிறுத்திடுங்கம்மா. வலியைப் பொறுத்துக்கிட்டா இங்க யாரும் மார்க் போடமாட்டாங்க."

இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். கல்யாணமாகி இரண்டு வருடம், இன்னும் ஒருமுறைகூட எங்களால் ஒன்றுசேர முடியவில்லை. முதல் டாக்டர்: "ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்." அடுத்தவர் மரத்துப்போக ஒரு ஜெல் கொடுத்தார். தோல்தான் மரத்தது, உள்ளே இறுகியது இறுகியபடியே. அதற்கடுத்தவர் கு.வைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் தைரியமா இருக்கணும் சார்." வெளியே வந்து கு. கேட்டது: "வலி உனக்கு. நான் இன்னாத்துக்குத் தைரியமா இருக்கணும்?" அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த மனிதருக்கு ஏழு ஜென்மம் சோறு போடலாம்.

கடைசியாகப் பார்த்த லேடி டாக்டர் தொடவே இல்லை. நான் அழுது முடிக்கும்வரை இருந்தார். பிறகு ஒரு பெயர் சொன்னார். வெஜைனிஸ்மஸ். நான் வேண்டுமென்று செய்வதில்லையாம். பயத்தில் தசை தானாகவே இறுகிக்கொள்கிறதாம். நிறைய பேருக்கு இருக்கிறதாம், சரியாகுமாம். பெயர் இருக்கிறது என்றதுமே பாதி பாரம் இறங்கியது. அவர்தான் பிசியோவிடம் அனுப்பினார். தை மாதத்திலிருந்து மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்தும் பயிற்சி. இனி இது.

அத்தையிடம் வழக்கம்போல் பல் டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன். "ஒரு பல்லுக்கு எத்தினி தாட்டிமா போவ?"

மார்ச் 26, புதன்

நான் வேலை செய்யும் பட்டுச்சேலைக் கடையில் கூட்டமில்லை. வீடியோ காலில் ஒரு கல்யாணப் பார்ட்டி, மாம்பழ மஞ்சள்தான் வேண்டுமாம். ரேக்கையே கவிழ்த்துக் காட்டியும் திருப்தியில்லை. வாங்க வேண்டியது: வெந்தயம், வாட்டர் பேஸ் ஜெல், கு.வுக்கு சாக்ஸ்.

சாயங்காலம் அறைக்குள் பயிற்சி. மாமா முன்கூடத்தில் தறியில். தறிச் சத்தம் இருக்கும்வரை எனக்குக் கவலையில்லை, வீடே அதில் மூழ்கிவிடும். இழை அறுந்து மாமா நிறுத்தினால் போச்சு. அந்த நிசப்தத்தில் உடம்பு கல்லாகிவிடுகிறது. மறுபடி மூச்சிலிருந்து தொடங்க வேண்டும்.

சின்னது போனது. வலிக்கவில்லை. நம்பமுடியாமல் சீலிங் ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சாப்பிடும்போது அத்தை: "சித்திரை பொறந்ததும் கொழந்தை இல்லாதவங்களுக்குப் பாக்கற டாக்டரம்மாகிட்ட போறோம். டோக்கன் போட்டுட்டேன்." கு. குழம்பை அளைந்துகொண்டே இருந்தார். ஒன்றுமே நடக்காத இடத்தில் குழந்தை எங்கிருந்து வரும்? அங்கே போனால் முதலில் உள் பரிசோதனைதான். நினைத்தாலே தொடை இறுகுகிறது.

ஏப்ரல் 3, வியாழன்

தலை சுற்றுகிறது. எழுதினாலாவது அடங்குமா பார்ப்போம்.

காலையில் செட்டைக் கழுவிக் கிணற்றடியில் ஒரு கிண்ணத்தில் காய வைத்தேன். கடையிலிருந்து போன், உடனே வா என்று. மறந்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தால் அத்தை ராட்டை முன்னால், வழக்கம்போல் மாமாவின் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குத் தார் சுற்றிக்கொண்டு. கூடையில் பட்டு சுற்றிய தார்க்குச்சிகள். நடுவில் என் சின்னது. அரக்குப் பட்டு சுற்றி, பாதி அவிழ்ந்து.

"இன்னாமா குச்சி இது? துளையும் இல்ல ஒண்ணும் இல்ல. பட்டு நிக்கமாட்டேங்குது, வழுக்கிக்கினு போவுது. புது மாடல்னு எவன்மா உன் தலைல கட்டினான்?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது? அழுகைதான் ஜெயித்தது. அத்தை ராட்டையை விட்டுவிட்டு எழுந்து வந்தார். "இன்னாமா, இன்னா ஆச்சி? குச்சி போனா போவுது." அதைக் கேட்டு இன்னும் அழுதேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பல் டாக்டர் பொய்யையும்.

அத்தை பட்டை மெல்ல அவிழ்த்து, குச்சியை என் கையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். இரவு என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு உடனே படுக்கப் போய்விட்டார். என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ?

கு.: "அனுப்புனா நானும் வர்றேன். உங்க வீட்டுல ஏசி இருக்குது." இந்த ஆளை என்ன செய்ய?

ஏப்ரல் 4, வெள்ளி

விளக்கேற்றிவிட்டு அத்தை கூப்பிட்டார். மாமா டீக்கடைக்குப் போயிருந்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லி, முகத்தைப் பார்க்காமல் வெத்தலையைக் கிள்ளிக்கொண்டே பேசினார்.

"எனக்கும் வலிக்கும்மா. ரொம்ப நாளு. பல்லக் கடிச்சிக்கினு கெடப்பேன். இவன் பொறந்த பொறவும் விடல. எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான்னு நெனச்சேன். வலிக்குதுன்னு சொன்னா கேக்கறதுக்கு டாக்டரு இருக்குதா இப்ப?"

இருக்கிறார் அத்தை, என்றேன்.

"நல்லா இருக்கட்டும் அந்தப் பொண்ணு."

என்னைத் திட்டவில்லை. மகன் பாவம் என்றும் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றாவது வரும் என்று பயந்திருந்தேன். கோயிலுக்குப் போகவில்லை இன்று. வீட்டிலேயே கும்பிட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 19, சனி

மேகமூட்டம், ஒரு சொட்டு மழையில்லை. குழந்தைப்பேறு டாக்டரின் டோக்கன் நாள். அத்தை நேற்றே போன் செய்து வேண்டாம் என்றுவிட்டார். "மொதல்ல பொண்ணு நல்லாவட்டும், புள்ளைய அப்புறம் பாக்கலாம்." வாசலில் நின்று போனில் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவர் செய்த இன்னொரு காரியம். நான் கழுவி வைத்த செட்டை மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வெயிலில் வைத்திருக்கிறார்! பக்கத்து மாடியிலிருந்து கேள்வி: "இன்னாக்கா அது?" அத்தை கொஞ்சமும் தடுமாறாமல்: "புது மாடல் தாரு. மெட்ராஸ்ல இருந்து வந்துக்கீது." நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது சாயங்காலம் நான் அறைக்குள் போனால் அத்தை தறிப்பக்கம் போய்விடுகிறார். உள்ளிருந்தே கேட்கிறது: "நிறுத்தாதய்யா. ஓட்டு." மாமா: "இழை அறுந்துடுச்சிடி!" "நல்லாப் பாரு, அறுவல." பாவம் மாமா, காரணம் தெரியாமல் நெய்கிறார். இந்தச் சேலையை உடுத்தப்போகிறவள் யாரோ, அவளும் நன்றாக இருக்கட்டும்.

மூன்றாவது அளவு. லேசான எரிச்சல் மட்டும்.

மே 4, ஞாயிறு

தாம்பரம். அக்கினி வெயிலில் பஸ் அடுப்பு. மேடம் பரிசோதித்தார். இன்று கையை இறுக்கிப் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. "நீங்க ரெண்டு பேரும் முயற்சி பண்ணலாம். அவசரமில்ல. பயம் வந்தா நிறுத்துங்க, சிரிப்பு வந்தா சிரிங்க."

அத்தை கொடுத்தனுப்பிய கோயில் இட்லியைக் கொடுத்தேன். மேடத்துக்குக் கண் கலங்கியது. யாருக்கென்று அத்தை சொல்லியனுப்பியிருந்தார்: "வலிக்குதுன்னா நம்புற டாக்டருக்கு."

மே 13, செவ்வாய்

கருட சேவை. விடிவதற்கு முன்பே தெருவெல்லாம் ஜனம், தண்ணீர்ப் பந்தல், மைக் சத்தம். வருடா வருடம் நாலு பேரும் சேர்ந்துதான் போவோம். இன்று அத்தை கிளம்பும்போது எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் படுங்க. பெருமாள்கிட்ட நீங்க விசாரிச்சதா நான் சொல்றேன்." மாமாவை இழுத்துக்கொண்டு போய்விட்டார். தறி ஓயட்டும், வெளியே நாதஸ்வரம் இருக்கிறதே.

பாதியில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கு. பதறிப்போய், "வலிக்குதா? நிறுத்திடட்டுமா?"

வலிக்கவில்லை. அதற்குத்தான் அழுகிறேன் என்றேன். அவரும் அழுதார். பிறகு இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

நன்றாக விடிந்த பிறகு, தெருமுனையிலிருந்தே அத்தையின் குரல், ஊருக்கே கேட்கும்படி: "வந்துட்டோம்பா! வந்துக்கினு இருக்கோம்!" கதவருகே வந்தும் தட்டவில்லை. வெளியில் நின்றபடியே கேட்டார்:

"காப்பி போடட்டுமாமா, இல்ல பெருமாள இன்னொரு தாட்டி சேவிச்சிட்டு வரட்டுமா?"

கதவைத் திறந்து அவரைக் கட்டிக்கொண்டேன்.