மூன்றாம் பாகத்தை நான் படிக்கவில்லை, லெச்சுமி

என் லெச்சுமிக்கு,

நேற்று மத்தியானம் உன் புத்தகத்தைச் சுவரில் வீசி எறிந்தேன். நான்கு பாகத்தில் மூன்றாவது. அட்டை மடங்கிவிட்டது, முதுகில் நூல் தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்ள நீ இருந்திருந்தால் நான் அந்தச் சனியனைத் திரும்பத் தொட்டிருக்கவே மாட்டேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜாசின் கோயில் மண்டபத்தில் உனக்கு நினைவுக் கூட்டம். நம் வாசகர் வட்டம்தான் ஏற்பாடு. வட்டம் என்ன வட்டம், நீ போனபிறகு மிச்சம் மூன்றே பேர். சாந்தா டீச்சர் பேனர் அடித்துவிட்டார். உன் படம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு, அந்த நாவலின் அட்டை நடுவில் பெரிதாக. 'ஒரு பெண்ணின் வாழ்க்கையை மாற்றிய நாவல்' என்று மஞ்சள் எழுத்து. அதைப் பற்றி அரை மணி நேரம் பேசவேண்டியவள் நான்.

படிக்காமல் எப்படிப் பேசுவது? உன் மகள் கவிதாவிடம் கேட்டேன். கோலா சுங்கை பாருவில் உன் கடலோர வீட்டிலிருந்து நான்கு பாகத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். பையைத் திறந்தால் உன் வீட்டுக் கருவாட்டு வாசனை. அந்த வாசனை ஒன்றுதான் இந்த ஒரு மாதத்தில் அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த சங்கதி.

என்ன கண்றாவிப் புத்தகம் அது! முதல் எண்பது பக்கத்தில் பண்ணையார் தூங்கி எழுந்து பல் துலக்கி முடிக்கவில்லை. அப்புறம் முப்பது பக்கத்துக்கு விருந்து. இலையில் நெய் ஓடுகிறது, அவர் ஏப்பம் விடுகிறார், அந்த ஏப்பத்துக்குத் தனியாக ஒரு பத்தி. அவருடைய வயலில் குனிந்து கிடந்தவர்களுக்கு அரை வரி. அந்த மாதிரி ஆட்களுக்குப் பயந்துதானே நம் பாட்டன்மார்கள் கப்பல் ஏறி இந்த மலாக்கா பக்கம் வந்து ரப்பர் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்? அவர்களுடைய பேத்திகள் உட்கார்ந்து அந்த ஆளின் மீசையை வர்ணிக்கிற அத்தியாயத்தைப் பக்தியோடு படிக்கிறோம். எனக்கு உண்மையிலேயே குமட்டியது, லெச்சுமி. ரெண்டு தரம் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன்.

இதைத்தான் நாம் படித்ததாக ஊர் நம்புகிறது. எப்படிப் படித்தோம் என்று உனக்கு நினைவிருக்கிறதா? பசாருக்குப் பின்னால் ரொட்டி சானாய் கடையில், பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆயிரத்து எண்ணூறு பக்கத்தைப் பார்த்து எல்லாரும் மிரண்டுபோயிருந்தோம். நீதான் சொன்னாய், "ஏன் பயப்படுறீங்க? தோட்டத்துல மரத்த நிரை நிரையா பிரிச்சுக் குடுக்குற மாதிரி பிரிச்சுக்குவோம் லா. ஆளுக்கு ஒரு பாகம். அவங்கவங்க நிரைய அவங்கவங்க முடிச்சிட்டு வந்து கதை சொல்லுங்க." சாந்தா டீச்சருக்கு முதல் பாகம், லாரி ஓட்டிய ஆறுமுகம் அண்ணனுக்கு இரண்டாவது, எனக்கு மூன்றாவது, உனக்குக் கடைசி.

மரம் சீவப் போன நம் அம்மாக்கள் காலையில் இருட்டு பிரியும் முன்னே நிரையில் நின்றவர்கள். அவர்கள் வயிற்றில் பிறந்த நான் என் நிரையில் நாற்பது மரம்கூடத் தொடவில்லை. நாற்பதாம் பக்கத்தில் மூடியவள்தான். ஒரு மாதம் அந்தப் பாகம் என் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. என் முறை வந்த ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் முகத்தைப் பார்த்ததும் 'படிக்கவில்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. ரப்பர் பாலில் தண்ணீர் கலந்து நிறுத்துப் போடுகிறவர்களை என் அப்பா காறித் துப்புவார். நான் அன்று பாலே இல்லாமல் வெறும் தண்ணீரை நிறுத்துக் காட்டினேன்.

பண்ணையாரின் மருமகள் மரகதம் என்று ஒருத்தி இருப்பது மட்டும் எனக்குத் தெரியும். அவளை வைத்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒருநாள் உச்சி வெயிலில், உலையில் சோறு பாதி வெந்துகொண்டிருக்கும்போது, மரகதம் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றி அணைக்கிறாள். பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, கொல்லை வழியாக அல்ல, வாசல் வழியாகவே, எல்லாரும் பார்க்க வெளியே போகிறாள். ஒருத்தருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. இவ்வளவுதான் நான் சொன்னது. ஆறுமுகம் அண்ணன் எல்லாருக்கும் இன்னொரு தே தாரிக் டீ சொன்னார்.  நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றாம் பாகத்தை என் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாய்.

அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்திலிருந்து உன் போன். "பரமு, ரைஸ் குக்கர ஆஃப் பண்ணிட்டு வந்துட்டேன்டி. சோறு பாதி வேக்காடு. கவிதாவ ஸ்கூல்லேருந்து கூட்டிக்கிட்டேன். கோலா சுங்கை பாரு பஸ்ஸுக்கு நிக்கிறோம்." இருபது வருஷம் தட்டை வீசி எறிகிற ஒரு மனுஷனுக்கு வடித்துக் கொட்டியவள் நீ. விட்டு வந்துவிடு என்று நாங்கள் எத்தனை தடவை சொல்லியும் கேட்காதவள்.  ஐயோ, இவள் என் பொய்யை நம்பி அல்லவா தெருவுக்கு வந்துவிட்டாள் என்று பதறினேன். அப்போதாவது சொன்னேனா? இல்லை. "பாத்துப் போ லெச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன ஜென்மம் நான்!

அதற்கு அடுத்த மாதம் இரண்டு பஸ் மாறி வந்து நீ நான்காம் பாகம் சொன்னாய். மரகதம் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் மகளோடு இருக்கிறாள், சோறு வெந்ததா என்று அவளை யாரும் கேட்பதில்லை, அதோடு கதை முடிகிறது என்றாய். நான் வாயைத் திறந்தபடி கேட்டேன். நான் சொன்ன பொய்க்கும் ஆசிரியர் எழுதியதற்கும் எப்படி இவ்வளவு பொருத்தம் என்று வியந்துகூடப் போனேன். மடச்சி.

ஆஸ்பத்திரியிலும் விட்டாயா நீ? பார்வையாளர் நேரத்தில் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தால் கையைத் தட்டுவாய். "அது கெடக்கட்டும். மரகதம் அடுப்ப அணைச்ச இடத்தச் சொல்லுடி. இன்னிக்கு ஒண்ணும் விட்டுடாத லா." நானும் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், செருப்பு போட்டாளா, எந்தச் சேலை கட்டியிருந்தாள் என்று. சாகக் கிடக்கிறவளிடம்கூடப் பொய் சொன்ன வாய் இது. 

போன வாரம் ஆறுமுகம் அண்ணன் கூப்பிட்டார். "பரமு, ஒன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு ரெண்டாம் பாகம் பாதிகூட ஓடல. மிச்சத்த மவன் போன்ல பாத்துச் சொன்னான்." சாந்தா டீச்சரிடம் முதல் பாகத்தில் விருந்து எத்தனை பக்கம் என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "என்ன விருந்து?" என்றார். இந்த லட்சணத்தில்தான் பேனர் அடித்திருக்கிறோம். இலக்கியம் இலக்கியம் என்று மாலை போடுகிறோம், த்தூ.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் பாகம், நானூற்றுச் சொச்சமாவது பக்கம். மரகதம் வீட்டை விட்டுப் போக நினைக்கிறாள். நினைக்க மட்டும்தான் செய்கிறாள். புருஷன் பளார் என்று அறைகிறான். அவள் அவன் காலில் விழுந்து, அந்தப் பாதத்தைக் கண்ணீரால் கழுவி மன்னிப்புக் கேட்கிறாள். 'பெண்மை வென்றது' என்று எழுதுகிறார் அந்த மகானுபாவர். மூன்று பக்கம் அவளுடைய பொறுமைக்குப் புகழ்ச்சி வேறு. அப்போதுதான் எறிந்தேன்.

கிழிந்துவிட்டதோ என்று எடுக்கப் போனேன். அதே இடத்தில்தான் விரிந்து கிடந்தது. பக்கத்தின் அடியில் பென்சிலில், உன் கோழிக் கிறுக்கல் எழுத்து. நான் ஆத்திரத்தில் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

'பொய். பரமு சொன்னதுதான் நடந்தது.'

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன், லெச்சுமி. எப்போது படித்தாய் இதை? அந்த ஞாயிற்றுக்கும் செவ்வாய்க்கும் நடுவிலா? தெரிந்துதான் குக்கரை அணைத்தாயா? அல்லது கோலா சுங்கை பாருவுக்குப் போனபிறகு, கருவாடு காய்கிற வாசலில் உட்கார்ந்தா? நான் இந்தப் பக்கம் வரை படிக்காதவள் என்று தெரிந்தும் ஆஸ்பத்திரியில் ஏன்டி அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தாய்? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே.

கவிதாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.  அவள் சொன்னாள், "பெரியம்மா, அம்மா எனக்குச் சொன்ன கதையில மரகதத்துக்கு உங்க பேரு."

ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் நான் ஏறுவேன். பேனருக்கு முன்னால் நின்று, இந்தப் புத்தகம் லெச்சுமியின் வாழ்க்கையை மாற்றவில்லை, இதில் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று சொல்வேன். அந்தக் காலில் விழுகிற பக்கத்தைக் குமட்டினாலும் முழுசாக வாசித்துக் காட்டுவேன். பிறகு உன் பென்சில் வரியை வாசிப்பேன். படிக்காமல் பொய் சொன்னேன் என்பதையும் சொல்வேன், டீச்சர் முகத்தைப் பார்த்தே. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நான்காம் பாகத்தை நான் இன்னும் திறக்கவில்லை. அது உன் நிரை. வாந்தியே வந்தாலும் அதைக் கடைசிப் பக்கம் வரை படிப்பேன், இது உனக்குச் சத்தியம். அந்தக் கடற்கரை வீடு அதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் பென்சிலை எடுத்து, கடைசிப் பக்கத்தின் அடியில், 'பொய். லெச்சுமி சொன்னதுதான் நடந்தது' என்று எழுதிவைப்பேன்.

கவிதாவின் பெரியம்மா,
உன் பரமு