கார்ப்பரேஷன் காட்டிய மகள்

மஸ்கட்
12-9-1999

அனுவுக்கு,

நான் நலம். நீயும் அத்தையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன நான்கு கடிதங்களுக்கும் பதில் இல்லை. இதையாவது பிரிப்பாயா என்று தெரியவில்லை. அண்ணனுடைய ஜவுளிக்கடையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வரும்போது, டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் உன்னிடம் சொன்னேன் என்பது உன் வழக்கு. முன்னாலேயே கேட்டிருந்தால் விட்டிருப்பாயா என்பது என் வழக்கு. நீ மாசமாக இருந்தபோதே உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய், நான் விமானம் ஏறிவிட்டேன். இந்தக் கடிதத்தில் அந்தப் பேச்சு வேண்டாம். வேறொன்று நடந்திருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

எங்கள் கம்பெனியில் வலியுல்லா என்று ஒருவர், ஸ்டோர் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர். நம்ம ராயப்பேட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும். நேற்று சாப்பாட்டு வேளையில் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா நைனா, நம்ம ஊரு கார்ப்பரேஷன் இன்டர்நெட்ல வந்துகீது, பாக்குறியா?"

கார்ப்பரேஷன் என்றால் குப்பை லாரியும் கொசு மருந்தும்தானே, அதை இங்கே உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்றேன்.

"பொறப்பு, இறப்பு எல்லாம் ஏத்திகிறாங்கப்பா. என் தம்பி பையன் பேரைப் பாத்துட்டேன். உன் கொயந்த என்னிக்குப் பொறந்துச்சு, சொல்லு."

எனக்குத் தெரிந்தது அந்தத் தேதி ஒன்றுதான். அன்றைக்கு அண்ணன் கடையிலிருந்து போன் செய்து, "பொண்ணு. ரெண்டு பேரும் சௌக்கியம்" என்று சொல்லி வைத்துவிட்டார். தேதியைச் சொன்னேன். ஆணா பெண்ணா என்று கேட்டது, பெண் என்று வலியுல்லா அடித்தார். பக்கம் மேலிருந்து கீழே மெதுவாக, திரைச்சீலை இறங்குவதுபோல் இறங்கியது. யார் யாரோ பெற்ற பெண்கள். அவர்களுக்கு நடுவில் அடையாறு ஆஸ்பத்திரியின் பெயர், தந்தை விஜயராகவன், தாய் அனுப்ரியா. குழந்தையின் பெயர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அனு, நான் கண்ணாடித் திரையில் விரலை வைத்துப் பார்த்தேன். வலியுல்லா டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். ஜன்னலுக்கு வெளியே மொட்டை மலையும் வெயிலும். இவ்வளவு தூரத்தில், யாருமில்லாத ஒரு அறையில் உட்கார்ந்து என் மகள் இருக்கிறாள் என்பதைக் கண்ணால் பார்த்தேன். கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் நின்றபோதுகூட எனக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

விஜயன்


ராஜா அண்ணாமலைபுரம்
26-9-1999

திரு. விஜயராகவன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முந்தைய நான்கும் கிடைத்தன.

கார்ப்பரேஷன்காரன் வந்து சொன்னால்தான் தனக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று ஒரு மனிதருக்கு நம்பிக்கை வருமா? இதைப் படித்ததும் கோபத்தில் நான் போட்ட சத்தத்துக்கு அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுத்தபடியாக, நீங்கள் கதை விடுகிறீர்கள் என்று நினைத்தேன். இங்கே எங்கள் தெருவில் விளக்கு எரியுமா எரியாதா என்று கேட்டாலே கார்ப்பரேஷனில் பதில் கிடையாது. அவர்கள் என் பெண்ணை மஸ்கட்டுக்குக் காட்டுவார்களாக்கும்?

பொய்யா என்று பார்த்துவிடலாம் என்று மந்தைவெளியில் புதிதாகத் திறந்திருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பங்கஜம் மாமி என்பவர் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து நடத்துகிறார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டெலிபோன் வழியாக அந்த மோடம் பெட்டி கிர்ரென்று கத்திக் கூப்பிட்டதும் பாப்பா வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு தானும் அதே மாதிரி கத்தினாள். மாமிக்கு ஒரே சிரிப்பு.

பக்கம் பாதியில் நின்றுவிட்டது. "வந்துண்டிருக்கு, வந்துண்டிருக்கு. அவசரப்படாதீங்கோ" என்றார். நானே அடிக்கிறேன் என்று தேதியை அடித்தேன். வந்த பட்டியலை மேலும் கீழும் பார்த்தேன். நாம் இல்லை. எனக்கு அப்போது வந்தது கோபம் இல்லை, வேறு ஏதோ. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மாமி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன்டீம்மா, இந்தக் குழந்தையை ஆண்னு போட்டிருக்கியே!" என்றார். அவரே மாற்றினார்.

பட்டியல் மறுபடி வந்தது, நடுவில் நம் வரி. மாமி என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நீங்களும் நானும் அவளும் ஒரு அறையில் இருந்ததில்லை. ஒரு போட்டோவில் இருந்ததில்லை. அங்கே ஒரே வரியில் இருக்கிறோம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம், ராத்திரி பகல் எந்நேரமும் அங்கேயேதான் இருப்போமாம். வீட்டுக்கு நடந்து வரும்போது, இதோ இந்த நிமிஷமும் அந்த வரியில் மூன்று பேரும் இருக்கிறோம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ரோட்டைக் கடக்கிறபோது ஆட்டோக்காரன் திட்டினான்.

கதை இல்லை என்று தெரிந்துகொண்டேன். அவ்வளவுதான்.

அனுப்ரியா


மஸ்கட்
9-10-1999

அன்புள்ள அனு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் பிரிக்கவே பயமாக இருந்தது. திட்டினாலும் எழுதினாயே.

அவள் மோடம் மாதிரி கத்தினாள் என்று வலியுல்லாவிடம் சொன்னேன். "உன் பொண்ணு அப்பவே கனெக்ஷன் குடுத்துக்கினு இருக்குது நைனா" என்றார். அவர் இன்னொரு காரியமும் செய்தார். அதே தளத்தில் பெயர் சேர்ப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் இருக்கிறது. சட்ட ஆங்கிலம், எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் வரி வரியாக விளக்கினார். ஒரு வயது முடிவதற்குள் கொடுத்துவிட்டால் அலைச்சல் இல்லையாம். அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்டு டிவிஷன் ஆபீஸில் கொடுத்தால் போதுமாம்.

அதில் இருந்த விண்ணப்பத் தாளை இங்கேயே அச்சடித்து, என் கையெழுத்தைப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெயர் எழுதும் இடத்தை விட்டுவிட்டேன். நீ எழுது. எது எழுதினாலும் எனக்குச் சம்மதம். யோசனைகூடச் சொல்ல மாட்டேன். பத்து மாதமாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பவள் நீ.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வீட்டில் இப்போது என்னவென்று கூப்பிடுகிறீர்கள்? அவள் எப்படி இருப்பாள்?

விஜயன்


ராஜா அண்ணாமலைபுரம்
31-10-1999

உங்களுக்கு,

நானும் அம்மாவும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். கோபம் வந்தால் ஏய். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

ஏன் பெயர் வைக்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், பிறகு தருகிறேன் என்றேன். அப்புறம் எந்தப் பெயரை நினைத்தாலும் மனசுக்குள் நீங்கள் வந்து குறை சொல்வீர்கள், நான் பதில் சொல்வேன், சண்டை முடிவதற்குள் பெயர் மறந்துவிடும். இப்படியே ஓடிவிட்டது.

எப்படி இருப்பாள் என்றால், காக்காய்க்குக் கை காட்டுவாள். ரசம் சாதம் என்றால் வாய் தானாகத் திறக்கும், பருப்பு என்றால் துப்புவாள். இடது காதுக்கு மேலே மட்டும் முடி சுருள். பஸ் ஹாரன் அடித்தால் சந்தோஷம், பிரஷர் குக்கர் விசில் அடித்தால் அழுகை. போட்டோ அனுப்ப மாட்டேன்.

நேற்று முன்தினம் டிவிஷன் ஆபீஸுக்குப் போனேன். நெடுஞ்செழியன் என்பவர் அந்தப் பிரிவின் கிளார்க். தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம ஃபாரம் மாதிரிதான் கீது. ஆனா எங்க வாங்கினீங்கம்மா?"

"இவ அப்பா மஸ்கட்ல கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்து அனுப்பினாரு சார். உங்க ரெஜிஸ்டர்ல இருக்கறது அங்க தெரியுது. அதைப் பார்த்துத்தான் பொண்ணு பொறந்ததையே நம்பினாரு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஹெட் ஆபீஸில் ஏதோ கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள் என்று அவருக்குத் தெரியுமாம், அது எங்கே போகிறது என்று தெரியாதாம். "நான் இங்க எழுதறது மஸ்கட்ல தெரியுதா?" என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் என்னைச் சொல்லச் சொன்னார். பிறகு ரெஜிஸ்டரைத் தன் பக்கம் நேராக இழுத்து வைத்து, பேனாவை உதறி, கடிதாசுத் துண்டில் ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் பெயரை எழுதினார். மாணிக்கம் பதிக்கிறவர் மாதிரி இருந்தது. பாப்பாகூடக் கையை ஆட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல ஏற கொஞ்ச நாள் ஆவும்மா. அவரைப் பாத்துக்கினே இருக்கச் சொல்லுங்க" என்றார்.

பார்த்துக்கொண்டே இருங்கள். என்ன பெயர் என்று நான் இதில் எழுதப் போவதில்லை.

அனு


மஸ்கட்
23-11-1999

அன்புள்ள அனு,

தினமும் பார்த்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் வலியுல்லாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பேன். அவர் கேட்காமலே தேதியைத் தட்டுவார். வெறும் இடம். சில நாள் தளமே திறக்காது, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. போன வாரம் அவரும் பொறுமை இழந்து, "ஹெட் ஆபீஸ்ல எவனோ தூங்கிக்கினு கீறான் நைனா" என்று என்னைவிட அதிகமாகக் கோபப்பட்டார்.

இன்று வந்துவிட்டது.

முதலில் எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வலியுல்லா எழுத்துக் கூட்டி, "யாசினியா? யாலினியா? நம்ம பேரு மாதிரியும் கீது, இல்லாத மாதிரியும் கீது" என்றார். நான் உற்றுப் பார்த்தேன். யாழினி.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஆபீஸில் எல்லாரும் திரும்பினார்கள். ஒரு மலையாளி, ஒரு எகிப்துக்காரர், இரண்டு ஓமானிகள், மலையாளியைத் தவிர யாருக்கும் அந்த ழகரம் வரவில்லை. ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். எகிப்துக்காரர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். குழந்தை இன்றைக்குத்தான் பிறந்தது என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

ஊரில் மழைக்கால மேகத்துக்குக் கீழே ஒருவர் பேனாவை உதறி எழுதிய பெயர், கடலுக்கு மேலே எப்படி வந்தது என்று வலியுல்லாவைக் கேட்டேன். டெலிபோன், சாட்டிலைட் என்று ஏதேதோ சொன்னார். பாதியில் நிறுத்திவிட்டு, "எனக்கும் முழுசாத் தெரியாதுப்பா. வருதா, அல்லா புண்ணியம்னு பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

டிசம்பரில் ஒரு மாதம் லீவு தருகிறார்கள். நான் வரலாமா? டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. நீ எழுதின பிறகுதான் வாங்குவேன்.

விஜயன்


ராஜா அண்ணாமலைபுரம்
2-12-1999

அன்புள்ள உங்களுக்கு,

வாங்குங்கள்.

அனு


ராஜா அண்ணாமலைபுரம்
28-12-1999

அன்புள்ள வலியுல்லா அண்ணனுக்கு,

வணக்கம். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை, நானும் உங்களைப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் மூன்று பேரையும் ஒன்றாக முதலில் பார்த்தவர் நீங்கள். நோன்பு நேரத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம் வந்தது. கொட்டையை எடுத்துவிட்டு நசுக்கிக் கொடுத்தால் யாழினி சாப்பிடுகிறாள்.

உங்கள் நண்பர் போன வாரம் வந்து சேர்ந்தார். அவரே எழுதுவார் என்று நினைத்தேன். நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டு, "நீயே எழுதேன். அவருக்குத் தெரியாம இதுல எதுவும் நடக்கலை" என்று சொல்லிவிட்டார்.

அவர் ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே யாழினி பார்த்து வீல் என்று அழுதாள். அவர் பதறவில்லை. பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, அறைக் கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். கிட்டே போகவில்லை, கையை நீட்டவில்லை, கூப்பிடவில்லை. அம்மா காப்பி கொடுத்தாள், அது ஆறிப் போயிற்று. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் என்னைப் பார்த்து, "அனு, இவ அசையறா" என்றார். எனக்கும் அவளை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

சாயங்காலம் அவளே தவழ்ந்து வந்து அவருடைய சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். அதற்குப் பிறகு அவரை விடவில்லை.

பழைய சண்டையைப் பற்றியும் பேசினோம். ஒரு நாள் முழுவதும் பேசினோம். முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான் மஸ்கட்டுக்கு வருவதாக இல்லை, அதைச் சொல்லிவிட்டேன். அவர் கான்ட்ராக்ட் ஜூனோடு முடிகிறது, புதுப்பிப்பதில்லை என்று அவராகச் சொன்னார். மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம், சின்ன வீடு, ரயில் சத்தம் கேட்கும். யாழினிக்கு அது பிடிக்கும். ஜூன் வரை அவர் வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேற்று பெயர் சூட்டினோம். பங்கஜம் மாமி வந்திருந்தார். நெடுஞ்செழியன் சார் ஆபீஸிலிருந்து நேராக வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார். நீங்கள் இல்லாததுதான் குறை.

அப்பா குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். உங்கள் நண்பர் ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவைக்குக் குனிந்தார். அப்போது யாழினி அவருடைய காதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, வாயை வைத்து, அவளுக்குத் தெரிந்த பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னாள். என்ன சொன்னாளோ, அவர் கண்ணைத் துடைக்காமல், "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உங்கள் தங்கை
அனுப்ரியா